கல்யாணப் பத்திரிகையில் செய்த கிறிஸ்துமஸ் பெட்டிகள்

கிஃப்ட் கார்டைக் கண்டுபிடித்தவர் தன் வாழ்நாளில் ஒருவருக்கும் ஆசையாகப் பரிசு கொடுத்திருக்க மாட்டார் என்பது என் கட்சி. அது ஒரு பிளாஸ்டிக் துண்டு. அப்படியே நீட்டினால் ஏடிஎம் கார்டைக் கொடுத்து நமக்காகப் பணம் எடுத்துவரச் சொல்வது மாதிரி இருக்கும். வெள்ளைக் கவரில் போட்டால் மொய்க் கவர் ஆகிவிடும். வாங்குகிறவருக்குப் பிரிக்க ஒன்றுமில்லை, பிரித்துவிட்டு "ஐயோ, எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லவும் வழியில்லை. அந்த எரிச்சலில்தான் நான் பெட்டி செய்ய ஆரம்பித்தேன்.

சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். டிசம்பர் பிறந்ததும் எங்கள் ஸ்டாஃப் ரூமில் சீட்டுக் குலுக்குவார்கள். யார் பெயரை நாம் எடுக்கிறோமோ அவர் நமக்கு கிறிஸ் சைல்டு, நாம் அவருக்கு கிறிஸ் மாம். விடுமுறை விடும் நாள்வரை வெளியே சொல்லக்கூடாது. இந்த விளையாட்டை விளையாட யாரும் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளியில் இதை மிகவும் தீவிரமாக விளையாடுகிறவர் ஹிந்தி மிஸ்தான், அவர் மார்கழி மாதம் முழுக்க விடியற்காலையில் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர். முன்பெல்லாம் பீங்கான் கோப்பை, தோடு, பேனா என்று கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது எல்லோரும் கிஃப்ட் கார்டு. கொடுக்கிறவருக்கு யோசிக்கிற வேலை மிச்சம். ஆனால் பொதிந்து கொடுக்க ஏதாவது வேண்டுமே, அதற்கு எல்லோரும் என்னிடம் வருவார்கள். அதனால் யாருக்கு யார் கிறிஸ் மாம் என்ற ரகசியம் முழுவதும் என் ஒருத்திக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு வருடம்கூட ஒரு பெயரும் என் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை.

கடையில் விற்கிற பளபளா தாள் எனக்கு ஆகாது. ஒரு மடிப்புக்கே வெளுத்துப்போகும். நான் பயன்படுத்துவது கல்யாணப் பத்திரிகை. நம் ஆட்கள் வீட்டில் எதற்குச் சிக்கனம் பார்த்தாலும் பத்திரிகைக்குப் பார்ப்பதில்லை. கதவு மாதிரி கனமான அட்டை, வெல்வெட் மாதிரி மேல்தாள், பொன் நிறத்தில் பூவேலை, உள்ளே வெண்ணெய்த் தாள். கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து அது பரணில் தூசி தின்கிறது. அதை எடுத்து, அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி மடித்தால் அருமையான பெட்டி. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பை வைத்து வளைவு போட்டு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு இழுத்தால் அட்டை சொன்ன பேச்சைக் கேட்டு மடங்கும். இரண்டு பக்கமும் உப்பின சின்னத் தலையணை போல ஒரு பெட்டி வரும். உள்ளே கார்டு நிற்பதற்கு ஒரு கீறல், வெளியே ரிப்பன், ரிப்பனில் ஒரு கிராம்போ ஏலக்காயோ. ஒட்டிய இடம் காயும்வரை துணி உலர்த்தும் கிளிப் போட்டு வைப்பேன். நவம்பர் மாதத்தில் எங்கள் வீட்டு ஈரத் துணிகள் கிளிப் இல்லாமல் காற்றில் பறந்து பக்கத்து மாடிக்குப் போகும்.

ஒரே ஒரு விதி. பத்திரிகையின் முகப்பில் பிள்ளையாரோ முருகனோ இருந்தால் அதன்மேல் கத்தரி வைக்க மாட்டேன். சுற்றி வெட்டியெடுத்து ஒரு கவரில் சேர்த்துவைப்பேன். என் சினேகிதி அதை வாங்கிக்கொண்டு போய் அவள் ஊர்க் கோயிலில் எங்கோ சேர்ப்பாள். "எங்க சாமிக்கு என்னைவிட நீதான் மிஸ் அதிகமா பயப்படற" என்று ஒவ்வொரு வருடமும் அதே கேலியைச் செய்வாள். நானும் ஒவ்வொரு வருடமும் சிரிப்பேன்.

அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இரண்டாம் வகுப்பு மிஸ். நாங்கள் இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே ஷேர் ஆட்டோவில் இருபது வருடமாகப் போய் வருகிறோம். ஒருவரை ஒருவர் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவோம், ஆனால் வா, போ என்றுதான் பேசுவோம். என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராண்டாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவள் அவள். அவள் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவள் நான். நவம்பர், டிசம்பர் சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கெல்லாம் என் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் எதிரில் உட்கார்ந்து ரிப்பன் வெட்டுவாள். அட்டை வெட்டக் கொடுக்க மாட்டேன், கோணலாக வெட்டுவாள். நான் கொடுக்கிற டீயைக் குடிப்பாள், மீன் குழம்பு இருந்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்.

அவள் வீடு ஊருக்குள், ஏரிக்கரையை ஒட்டி. எங்கள் தெரு ஏரிக்கு இந்தப் பக்கம், சர்ச்சைச் சுற்றி. நடுவில் அவள் மாமனாரின் வயல் இருந்தது. என் மாமியார் அதில் நாற்று நட்டிருக்கிறார். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பும் சூப்பர் மார்க்கெட்டும் இருக்கின்றன, எந்தப் பக்கம் ஊர், எந்தப் பக்கம் தெரு என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது. அவள் வீட்டு ஹால் சோபாவில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. அந்த ஹாலைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. போகிற தேவை வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சாதி என்ற சொல் இருபது வருடத்தில் எங்களுக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை. அதை ஒரு பெரிய விஷயமாக, ஊரில் வேறு யாருக்கும் வாய்க்காத விஷயமாக, மற்றவர்களிடம் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கிறேன்.

போன வருடம் ஆவணி மாதத்தில் அவள் பெண்ணுக்குக் கல்யாணம். குன்றத்தூர் மலைமேல் முருகன் சன்னிதியில் தாலி கட்டுகிறார்கள் என்று ஷேர் ஆட்டோவில் வைத்துச் சொன்னாள். "முப்பது பேர்தான் மிஸ். மாப்பிள்ளை வீட்ல சிம்பிளா போதும்னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை தாலி கட்டறது, வெள்ளிக்கிழமை இங்க ரிசப்ஷன். அதுக்கு நீ கண்டிப்பா வந்துடணும்." ஒற்றை அட்டையில் அடித்த ரிசப்ஷன் கார்டு ஒன்றைக் கொடுத்தாள். எனக்கு வருத்தம் இல்லை. இந்தக் காலத்தில் யாராவது சிக்கனமாகக் கல்யாணம் செய்தால் கைதட்டுகிற ஆள் நான்.

அதற்கு ஒரு மாதம் முன்பே என்னிடம் ஒரு வேலை கொடுத்திருந்தாள். வந்தவர்களுக்குக் குங்குமச் சிமிழ் கொடுக்கிறார்களாம், அதற்குச் சின்னப் பெட்டி வேண்டும், கிறிஸ்துமஸுக்குச் செய்கிற மாதிரியே வேண்டும், நானூறு. "ரிசப்ஷனுக்கு நானூறு பேரா மிஸ்?" என்று கேட்டேன். "கையில கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கட்டுமே" என்றாள். மாம்பழ மஞ்சள் நிறத்தில் புது அட்டை வாங்கிக் கொடுத்தாள். ஆடி முழுவதும் உட்கார்ந்து செய்தேன். என் கட்டைவிரலில் கத்தரி பட்டுத் தோல் தடித்துப்போனது. ஒவ்வொன்றையும் அவள் பெண்ணின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் மடித்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கல்யாண நாளன்று ஒரு படம் அனுப்பினாள். மணமக்கள், பின்னால் கோபுரம், சுற்றிப் பத்துப் பேர். நான் யாருடைய ஸ்டேட்டஸையும் பார்க்கிற வழக்கம் இல்லாதவள், அந்த ஒரு படத்தைத்தான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ரிசப்ஷனுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் ஆபீஸ் ஆட்கள் கொஞ்சம் பேர், அவள் வீட்டுக்காரரின் ஹார்டுவேர் கடைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர், பள்ளியிலிருந்து நானும் புதிதாகச் சேர்ந்த எல்கேஜி மிஸ்ஸும். அவ்வளவுதான். என் பெட்டிகளைக் காணவில்லை. தாம்பூலம் துணிப்பையில் கொடுத்தார்கள். கேட்டதற்கு, "சம்பந்தி வீட்டுக்கு ரொம்பப் பிடிச்சுப்போய் அவங்களே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க மிஸ்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் நான் சண்டைக்குப் போனேன். "நம்ம மிஸ் வீட்டு விசேஷம், ஒருத்தராவது எட்டிப் பாத்தீங்களா? நாளைக்கு உங்க வீட்டு விசேஷத்துக்கு அவங்க வரணும்னு எதிர்பார்ப்பீங்க இல்ல?" எல்லோரும் டிபன் பாக்ஸைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குற்றவுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். என் சினேகிதி என் கையைப் பிடித்து, "விடு மிஸ்" என்றாள். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன்.

நவம்பர் வந்தது. பத்திரிகை சேர்க்கும் மாதம். அவர்கள் வீடு ஊரில் பெரிய வீடு, வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் பத்திரிகை வந்து குவியும். எப்போதும் அவளே பொறுக்கி, நல்லதாகப் பார்த்து ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவாள். இந்தமுறை அவளுக்கு முட்டிவலி, பரண் ஏற முடியவில்லை. அவள் வீட்டுக்காரர் பைக்கில் வந்து வாசலில் இரண்டு கட்டைப்பைகளை இறக்கினார்.

"இன்னா டீச்சர், சௌக்கியமா? இந்தாங்க உங்க ஃபேக்டரிக்கு சரக்கு. வூட்ல எதுவோ பொறுக்கி எடுக்கச் சொன்னாங்க, எனக்கு இன்னா தெரியும்? பரண்ல கீற காகிதம் மொத்தத்தையும் அள்ளிகினு வந்துட்டேன்."

"டீ குடிச்சிட்டுப் போங்கண்ணா."

"வேணாம் டீச்சர், கடைல ஆள் இல்ல." வண்டியைக் கிளப்பிவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர்போலத் திரும்பினார். "ஆமா, கல்யாணத்துல உங்களைக் கண்லயே காணோமே?"

"வந்தேனே. நீங்கதான் மேடைலயே நின்னுகிட்டிருந்தீங்க."

"அப்டியா?" என்று தலையைச் சொறிந்துகொண்டே போனார். வயதாகிறது, மறதி என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை மேஜையில் பைகளைக் கவிழ்த்தேன். முட்டிவலியால் அவள் வரவில்லை, நான் தனியாகத்தான் இருந்தேன். நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டே வந்தபோது ஒரு கட்டு கையில் ஏறியது. நாற்பது இருக்கும். அடர்ந்த மெரூன், ஓரத்தில் பொன் மயில், தொட்டால் புடவை ஜரிகை மாதிரி நெருடியது. இந்த வருடத்தின் சிறந்த அட்டை இதுதான் என்று உரக்கவே சொன்னேன். ஒன்றைத் திறந்து வெண்ணெய்த் தாளை உரித்தபோது அவள் பெண்ணின் பெயர் இருந்தது.

மலைமேல் முகூர்த்தம், அது உண்மை. அதற்குக் கீழே, மலையடிவாரத்தில் ஒரு பெரிய மண்டபத்தின் பெயர், காலை எட்டு மணி முதல் விருந்து, தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டும். முப்பது பேருக்கு யாரும் அந்த மண்டபத்தை எடுக்க மாட்டார்கள். அங்கே கார் நிறுத்துகிற இடத்திலேயே ஒரு கல்யாணம் நடத்தலாம். நான் நின்றபடியே அந்தக் கட்டைப் பிரித்தேன். எல்லாம் பெயர் எழுதாத வெற்று உறைகள். ஒன்றைத் தவிர. அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நடுவில், இருபது வருடமாக ரெக்கார்டு நோட்டில் நான் பார்த்துவருகிற அந்த உருண்டைக் கையெழுத்தில், என் வீட்டுக்காரர் பெயர், பக்கத்தில் என் பெயர், கீழே "மற்றும் குடும்பத்தினர்".

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதிலும் அந்த மஞ்சள்மேல் வந்த கோபம் அதிகம். பெயர் எழுதி, மஞ்சள் தடவி, கொடுக்கத் தயாராகத் தட்டில் வைத்த பத்திரிகை. யாரோ அதைத் தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

ரயில்வே ஷிஃப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். "இன்னாம்மா ஆச்சு? ஏன் இப்டி குந்திகினு கீற? சோறு ஆக்கலியா?" நான் உறையை நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். பிரித்து உள்ளே படித்தார். மறுபடியும் உறையைப் படித்தார்.

"எழுதிட்டுக் குடுக்காம வுட்டுக்கீறாங்க."

"தெரியுது."

"போன் போட்டுக் கேளு."

"கேட்டு?"

அவர் உறையை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அப்ப வுடு. பெரிய எடம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனார். அந்தப் பெரிய இடம் என்ற சொல் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. என் சினேகிதியை நான் ஒருநாளும் ஓர் இடமாக நினைத்ததில்லை.

திங்கட்கிழமை தையல் மிஸ்ஸைத் தனியாகப் பிடித்தேன். வாய் நிறைய பேசுகிறவர், பொய் சொல்ல வராது. "ஆவணில குன்றத்தூர் கல்யாணத்துக்கு நீங்க போனீங்களா?" என்று நேராகவே கேட்டேன். அவர் முகம் இளகிவிட்டது.

"நீங்களே கேட்டுட்டீங்க, அதனால சொல்றேன். எல்லாருமே போனோம் மிஸ். வேன் வெச்சுப் போனோம். நீங்க வேண்டுதலுக்காக வேளாங்கண்ணி போயிருக்கீங்க, கல்யாணத்தை விட்டுட்டோமேன்னு மனசு உடைஞ்சு போயிருக்கீங்க, உங்க முன்னாடி அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு மிஸ் எங்ககிட்ட சொல்லியிருந்தாங்க. அதான் அன்னிக்கு நீங்க திட்டினப்பகூட யாரும் வாய் திறக்கல." பிறகு என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக, "உங்க பெட்டிதான் மிஸ் எல்லார் கையிலயும். பந்தி முடிஞ்சு வெளிய வரும்போது ஆளுக்கொண்ணு. எங்க வீட்ல பொட்டு வெச்சுக்க இன்னும் அதைத்தான் வெச்சிருக்கோம்" என்றார்.

நான் வேளாங்கண்ணிக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. என் மாதாவையே எனக்கு எதிராகச் சாட்சிக்கு இழுத்திருக்கிறாள். என் பெட்டி பந்திவரை போயிருக்கிறது, என்னைத்தான் அழைக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் அத்தனை பேரும் என்மேல் பரிதாபப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தில், நான் எழுந்து நின்று அவர்களுக்கு விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஆனாலும் ஒன்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அவள் எழுதியிருக்கிறாள். எழுதினாள், மஞ்சள் வைத்தாள். அப்படியானால் வேறு யாரோ தடுத்திருக்கிறார்கள். யார் என்று தெரிந்துவிட்டால் போதும், இந்த இருபது வருடத்தை நான் காப்பாற்றிவிடலாம். வீட்டுக்காரராக இருக்க முடியாது, அவர் வாசலிலேயே ஏன் வரவில்லை என்று கேட்டார். அவள் மாமியாராக இருக்கலாம். எண்பது வயதில் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது, ஆனால் யார் எந்தத் தெரு என்பது மட்டும் மறக்காது. இல்லையென்றால் காஞ்சிபுரத்துச் சம்பந்தி. எனக்குச் சம்பந்திமேல்தான் சந்தேகம் அதிகம். ரிசப்ஷனில் அவர் உட்கார்ந்திருந்த தோரணையே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் ஒன்றும் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து முட்டிவலிக்குத் தைலம் சொன்னேன். அந்த மெரூன் அட்டைகளை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வெட்டினேன். நல்ல அட்டையை எதற்கு வீணாக்க வேண்டும்? மயிலை மட்டும் சுற்றி வெட்டியெடுத்து, மீதியில் பெட்டி செய்தேன். வாழ்நாளில் முதல்முறையாகக் கோணலாக வெட்டினேன், பத்துப் பெட்டி மூடவே இல்லை. அவற்றைத் திரும்பப் பிரித்து ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற பிள்ளைகளுக்கு அதில்தான் மிட்டாய் போட்டுக் கொடுத்தோம்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை அவள் வந்தாள். முட்டிக்கு உறை போட்டிருந்தாள். வழக்கம்போல எதிரில் உட்கார்ந்து ரிப்பன் உருளையை இழுத்து அளந்தாள். அவளுடைய கிறிஸ் சைல்டு யார் என்று காதோடு சொல்லி, அந்தக் கிஃப்ட் கார்டுக்கு நல்ல பெட்டியாகப் பார்த்து எடுத்துவைக்கச் சொன்னாள். நான் டீயை வைத்தேன். டீக்குப் பக்கத்தில், வெட்டாமல் எடுத்துவைத்திருந்த அந்த மஞ்சள் தடவிய உறையை வைத்தேன்.

அவள் கத்தரியைக் கீழே வைக்கச் சில நொடிகள் ஆயின.

"யார் சொன்னது மிஸ்?" என்று கேட்டேன்.

"இது எப்படி இங்க..."

"அதை விடு. குடுக்க வேணாம்னு யார் சொன்னது? உங்க அத்தையா?"

"அவங்களுக்கு என்ன தெரியும், பாவம். பேத்திக்குக் கல்யாணம்ங்கறதே அன்னிக்குக் காலைலதான் புரிஞ்சுது."

"அப்ப சம்பந்தி வீட்ல. அவங்கதானே? எனக்குத் தெரியும். நீ சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

நான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன் என்பது என் குரலைக் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

"அவங்களுக்கு உன்னைத் தெரியவே தெரியாது மிஸ். யாரும் ஒண்ணும் சொல்லல." ரிப்பன் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "முதல் பத்து கவர்லயே உன் பேரை எழுதிட்டேன். மஞ்சள் வெச்சேன். சந்தோஷமாத்தான் வெச்சேன். அப்புறம் பந்திக்கு லிஸ்ட் போட்டோம். உன்னை யார் பக்கத்துல உக்கார வைக்கிறதுன்னு யோசிச்சேன். எங்க பெரியப்பா இருப்பாரு, அவர் தம்பிங்க இருப்பாங்க. ஊரே உக்காந்திருக்கும். உங்க தெருன்னு எல்லாருக்கும் தெரியும். யாராவது இலையை விட்டு எழுந்து போயிட்டா? உனக்குத்தானே மிஸ் அசிங்கம்? அதை நான் எப்படிப் பாத்துகிட்டு நிப்பேன்?"

"எழுந்து போவோம்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"யாராவது கேட்டாங்களா, இவங்க வராங்களான்னு?"

"இல்ல மிஸ். நானாதான் நினைச்சேன்." கண் கலங்கியிருந்தது. "உனக்காகத்தான்."

அவள் அதை நம்பினாள். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. நடித்திருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். எனக்கு நல்லது செய்ததாகவே நினைத்து, அதற்கு நான் கொஞ்சம் ஆறுதலாவது சொல்லுவேன் என்று காத்திருந்தாள். நான் பதில் தயாராக வைத்திருந்தேன், மூன்று வாரமாக ஒத்திகை பார்த்த பதில்: "விடு மிஸ், அவங்க அப்படித்தான், நமக்குள்ள என்ன." மாமியாரை, சம்பந்தியை, பெரியப்பாவை, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மொத்த ஊரையும் மன்னிக்கத் தயாராக இருந்தேன். அவர்களில் ஒருவரும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. என் வீட்டில் சாப்பிட்டு, என் மேஜையில் உட்கார்ந்து, என் பிள்ளை பிறந்தபோது வராண்டாவில் காத்திருந்தவள்தான், யாரும் கேட்காமலே என்னைத் தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

டீ ஆறி ஏடு படிந்தது. பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த உறையைத் தன் பக்கம் இழுத்து, கைப்பையைத் திறந்தாள்.

"இதை நான் எடுத்துட்டுப் போயிடறேன் மிஸ். உன் கண்ல பட்டுகிட்டே இருக்க வேணாம்."

"வை அங்கேயே" என்றேன். "அது என் பேருக்கு எழுதின பத்திரிகை. குடுக்க உனக்கு மனசு வரல. நான் வாங்கிக்கிட்டேன்."